மாடி அறைக்கு ஒன்றரை டன்

ஏப்ரல் 21

மத்தியானம் மூன்று மணிக்கு மாடி அறையில் நாற்பத்தொரு டிகிரி. தெர்மாமீட்டரை என் மகள் தபாரக்தான் சுவரில் மாட்டியிருக்கிறாள். "ஏப்ரல்லயே இப்படின்னா ஜூன்ல நான் வெந்துடுவேம்மா" என்றாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

மாடியில் எங்களுக்கு இரண்டே அறை. தலைக்கு மேல் மொட்டை மாடி. மேற்கே நிழல் என்பதே அறியாத சுவர். பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகுதான் அது எங்கள் மேல் விட ஆரம்பிக்கும். ஏர்கூலர் ஒன்று இருக்கிறது. பஸ்ராவுக்குக் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தால் அதைப் போடுவதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

கீழே என் ஓரகத்தி இன்திஸாருக்கு மூன்று ஏசி. அவளும் ஹாஜியும் படுக்கிற அறையில் ஒன்று. ஹாஜி என்றால் என் வீட்டுக்காரர் ஜவாதின் அண்ணன். பிள்ளைகள் பக்கம் ஒன்று. வருஷத்தில் பத்து நாள் திறக்கிற விருந்தாளி அறையில் ஒன்று.

இந்த வருஷம் மாடிக்கு ஏசி வாங்கியே தீருவேன்.

ஏப்ரல் 22

இதை எழுதி வைத்துவிட வேண்டும். மறந்துவிடுவேன் என்று இல்லை. கோபம் ஆறிவிடுமோ என்றுதான் பயம்.

போன வருஷம் ஜூன். தபாரக்குக்குப் பள்ளிக்கூடக் கடைசி வருஷம், அரசுப் பரீட்சை. இயற்பியலுக்கு முதல் நாள் மேலே நாற்பத்தெட்டு. பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போய், விருந்தாளி அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து படிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். பெரியம்மாக்காரி சொன்ன பதில்: "அது விருந்தாளிங்க ரூமு கண்ணு. வீட்டு ஆளுக்கு வீடு இருக்குல்ல?" சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் தபாரக் மயங்கி விழுந்தாள். மறுநாள் பரீட்சை நேரத்தில் அவள் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் போச்சு. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளை.

இன்திஸார் பார்க்க வந்தாள், ஒரு தட்டு பேரீச்சம்பழ பிஸ்கட்டோடு. பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்றாள். நான் தட்டை வாங்கிக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

ஏப்ரல் 26

ஏசி மெக்கானிக் ஸத்தார் வந்தார். நல்ல மனுஷர், வாயைத் திறந்தால் மூட மாட்டார். அறையை அளந்தார். மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார். மொட்டை மாடியில் வெறும் காலை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்.

கீழ் வீடாக இருந்தால் இந்த அறைக்கு ஒரு டன் போதுமாம். மேல் வீட்டுக்குத் தளத்து வெயில் ஒரு அரை டன் தின்றுவிடுமாம். ஆக ஒன்றரை. இரண்டு அறைக்கும் எனக்கு வசதியில்லை, தபாரக் அறைக்கு மட்டும் போதும். மேலே நிழல்வலை கட்டி, சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டால் மெஷின் மூச்சு வாங்காமல் ஓடும் என்றார்.

பிறகு சொன்னார் பாருங்கள், அதற்காக அவருக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன். "படிக்கு மேல ஒரு கதவு போட்டுடும்மா. குளிர்க்காத்து கனம். கீழதான் எறங்கும். இல்லன்னா நீ மேல மெஷின் ஓட்டுவ, கீழ இருக்கறவங்க சுகமாத் தூங்குவாங்க."

கதவைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். நாலு பக்கமும் ரப்பர் பட்டை வைத்து. ஒரு துளிக் குளிர் அவளுக்குப் போகக் கூடாது.

வெளி யூனிட்டை எங்கே மாட்டுவது என்று கேட்டார். முற்றத்துப் பக்கம் கை காட்டினேன். சாயங்காலம் இன்திஸார் நாற்காலி போட்டு உட்கார்ந்து எலுமிச்சை டீ குடிக்கிற இடத்துக்கு நேர் மேலே. மனுஷர் தயங்கினார். நாலு பக்கமும் சுவர், அனல் அங்கேயே சுற்றும், கீழே ஒருத்தர் உட்கார முடியாது என்றார்.

"அப்படியா? அங்கயே மாட்டுங்க."

ஏப்ரல் 29

ஜவாதிடம் சொன்னேன். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை…" என்று ஆரம்பித்தார். தும்முவதற்குக்கூட அண்ணனிடம் கேட்கிற மனுஷரைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் ஆகிறது. பணம் என்னுடையது, என் வளையல் என்றேன். அடங்கிவிட்டார்.

கரண்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அரசாங்கக் கரண்ட் இரண்டு மணி நேரம் வந்தால் நாலு மணி நேரம் வராது. அந்த நாலு மணிக்குத் தெரு ஜெனரேட்டரில் வீட்டுக்குப் பத்து ஆம்பியர் வாங்கியிருக்கிறோம். பத்தில் எட்டு கீழே, இரண்டு மேலே. அதற்கு மேல் நாங்கள் இழுத்தால் மொத்த வீட்டுக்கும் போய்விடும், கீழேயிருந்து அவள் குரல் வந்துவிடும். அவள் மகன் கர்ராருக்கு இருபத்து நாலு வயசு, நடுப்பகல் வரை ஏசியில் தூங்குகிறான். அவன் தூக்கத்துக்கு ஆம்பியர் இருக்கிறது, என் பிள்ளை படிப்புக்கு இல்லை.

பின் தெரு ஜெனரேட்டர்க்காரனிடம் தனியாக எட்டு ஆம்பியர் பேசிவிட்டேன். கம்பி மொட்டை மாடி வழியாக வரும். அவள் கண்ணில் படாது.

மே 4

அம்மா போட்ட நாலு வளையலில் மூன்று போயிற்று. கை லேசாக இருக்கிறது, மனசும்தான்.

மே 9

மாட்டியாகிவிட்டது. ஸத்தார் போன பிறகு படிக் கதவைச் சாத்தினேன். சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இன்திஸார் முற்றத்தில் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றாள். ஐந்து நிமிஷத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மே 10

இருபத்து நாலு டிகிரி. தபாரக் போர்வை கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மே 16

இன்திஸார் கதவைத் தட்டினாள். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் தட்டி நான் கேட்டதில்லை, நேராக உள்ளே வருவாள்.

"படிக்கு எதுக்குடி கதவு? நாமென்ன அசலா?"

"பிள்ள படிக்கற ரூமுக்கா. சத்தம் ஆகாது."

அவள் கண் என் தோளைத் தாண்டி ஏசியைப் பார்த்தது. நான் வாசலிலேயே நின்றேன், உள்ளே வா என்று சொல்லவில்லை. வியர்வை அவள் கழுத்தில் ஓடியது. எவ்வளவு நாள் ஆயிற்று இப்படி ஒரு சந்தோஷம் பட்டு.

வந்த விஷயம் வேறு. அவள் மகள் ஷஹத்தைப் பெண் பார்க்க 29ஆம் தேதி வருகிறார்கள். எண்ணெய்க் கம்பெனி மாப்பிள்ளை. முதலில் அம்மாவும் அத்தைகளும், பிறகு ஆம்பளைகள். முஹர்ரம் பிறந்துவிட்டால் துக்கம், இரண்டு மாசத்துக்கு யார் வீட்டிலும் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது, அதனால் மாப்பிள்ளை வீட்டில் அவசரப்படுகிறார்கள். இறைச்சி அடைத்துச் சம்பூஸா பொரிக்க என் கை வேண்டுமாம்.

"அதுக்கென்னக்கா, வர்றேன்" என்றேன். விருந்தாளி அறையைத் திறக்கப் போகிறாள். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 24

யோசித்து முடித்துவிட்டேன். ரொம்பச் சுலபம்.

29ஆம் தேதி மூன்றரைக்கு அவர்கள் வரும்போது அரசாங்கக் கரண்ட் இருக்காது. விருந்தாளி அறை ஏசி ஜெனரேட்டரில் ஓடும், எட்டு ஆம்பியரை அது ஒன்றே இழுக்கும். அந்த நேரம் மேலே நான் பழைய லைனில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால் போதும். தெருமுனைப் பெட்டியில் நம் வீட்டு சுவிட்ச் விழுந்துவிடும். மத்தியானத் தூக்கத்திலிருந்து ஜெனரேட்டர்க்காரனை எழுப்பிப் போடச் சொல்ல வேண்டும். அவன் வந்து போடுவான். நான் மறுபடி சொருகுவேன். என் ஏசி பின் தெரு லைனில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இது பாவமா? பிள்ளை கையில் ஊசியோடு படுத்திருந்தாளே, அது என்ன?

மே 29

எழுதக் கை பரபரக்கிறது.

ஐந்து பெண்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, எல்லாரும் உம் மைதம் என்று கூப்பிடுகிறவள், நல்ல கனத்த உடம்பு, கறுப்பு அபாயா அங்கிக்கு உள்ளே வெல்வெட் கவுன். இந்த வெயிலில் வெல்வெட்! ஷஹத் முகம் முழுக்கப் பூசிக்கொண்டு டீத் தட்டோடு போனாள். நான் சம்பூஸாவைக் கொடுத்துவிட்டு, துணி காய்கிறது என்று சொல்லி மேலே வந்து பெட்டியைச் சொருகினேன்.

டப். கீழே ஏசி நின்ற சத்தம் மேலே கேட்டது.

கர்ரார் தெருவுக்கு ஓடினான். பத்து நிமிஷம் கழித்து வந்தது. மூன்று நிமிஷம் ஓட விட்டேன், மறுபடி சொருகினேன். மூன்றாவது தடவை ஜெனரேட்டர்க்காரன், உங்க வீடு அளவுக்கு மேல இழுக்குது, இனிமே ராத்திரிதான் போடுவேன் என்று கத்திவிட்டுப் போய்விட்டான்.

கீழே இறங்கிப் பார்த்தேன். ஷஹத்தின் கண் மை கன்னத்துக்கு வந்திருந்தது. அத்தைகள் தட்டுகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இன்திஸாரின் புன்னகை மட்டும் இறங்கவில்லை. உம் மைதமுக்கு ரத்த அழுத்தமாம், முகம் சிவந்து மூச்சுத் திணற ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் ஒரு அத்தை தலையைத் தூக்கி, "மேல ஏதோ ஏசி ஓடற சத்தம் கேக்குதே?" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இன்திஸாரும். இதைவிட ஒரு கணம் என் ஆயுசில் வருமா?

"வாங்க, மேல வாங்க. நம்ம வீடுதானே" என்றேன்.

ஐந்து பேரும் படியேறினார்கள். உம் மைதமைத் தபாரக் கட்டிலில் படுக்க வைத்தேன். தபாரக் கண்ணாடியும் வீட்டுச் சட்டையுமாக வேதியியல் படித்துக்கொண்டிருந்தவள், எழுந்து அவள் காலுக்குத் தலையணை வைத்தாள், நாடி பிடித்துப் பார்த்தாள், நீர்மோர் கொண்டு வந்து வாய் வாயாகக் குடிக்க வைத்தாள். இரண்டு மணி நேரம் அந்த அறையில் இருந்தார்கள். இன்திஸார் தன் சம்பூஸாவைத் தானே படியேற்றிக் கொண்டு வந்து, என் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்டாள்.

வா என்றேன். வந்து உட்காரட்டும், என் குளிரில்.

மே 30

இரவு நன்றாகத் தூங்கினேன். ஒரு வருஷத்தில் முதல் தடவை.

ஜூன் 1

உம் மைதம் ஜவாதுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். கீழ் வீட்டுப் பெண் வேண்டாமாம். மேல் வீட்டுப் பெண் வேண்டுமாம்.

ஜூன் 2

இதற்கு மேல் எழுத முடியுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

பெருநாள் கழிந்து ஆம்பளைகள் வருவார்கள். முஹர்ரமுக்கு முன்னால் கல்யாணம். பரீட்சை 14ஆம் தேதி ஆரம்பிக்கிறது. படிப்பு பற்றிக் கேட்டதற்கு, எங்க வீட்டு மருமகளுக்கு வேலைக்குப் போற தேவை இல்ல என்று பதில் வந்ததாம். ஜவாதுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தண்ணீர் வாரிய கிளார்க்கான தன் வீட்டுக்கு எண்ணெய்க் கம்பெனி மாப்பிள்ளை! வரச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. அண்ணனைக்கூடக் கேட்கவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக.

கத்தினேன். அழுதேன். "நீதானேடி அவங்கள மேல கூட்டிட்டுப் போன?" என்றார்.

தபாரக் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அன்றைக்குக் காயப்போட்ட துணி ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதம்மா. பெரியம்மாவ ஜெயிக்கணும்னு செஞ்ச."

ஏசி எனக்காகத்தான் வாங்கினாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முற்றத்துப் பக்கம் யூனிட் மாட்டியதும் எனக்காகவா என்று கேட்டாள்.

ஜூன் 3

ஒரே வழிதான் இருக்கிறது. ஆம்பளைகள் வந்து உட்கார்ந்தால் முன்னால் வைத்த டீயைத் தொட மாட்டார்கள். பெண் கொடுத்தோம் என்று வீட்டுப் பெரியவர் வாயால் சொன்ன பிறகுதான் குடிப்பார்கள். பெரியவர் ஹாஜி. அவர் சொல்லாவிட்டால் ஜவாத் சொல்லி ஒன்றும் ஆகாது. ஹாஜியைச் சொல்ல விடாமல் தடுக்க உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும்.

இறங்கிப் போனேன்.

இன்திஸார் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் ஷஹத் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்.

"மூணு தடவ லைன் போச்சு. மூணு தடவையும் நீ மேலதான் இருந்த. எனக்குப் புத்தி இல்லன்னு நெனச்சியா, நிதால்?"

தப்புதான் அக்கா என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போதுகூட மனசு, போன வருஷம் நீ செய்தது என்ன என்றுதான் கத்தியது. பிள்ளை பரீட்சை எழுதணும் அக்கா, இந்தச் சம்பந்தம் வேண்டாம், ஹாஜி வேண்டாமென்று சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். அவள் முழங்காலைத் தொட்டேன். தொட்டேன் என்று எழுதுகிறேன், இருக்கட்டும்.

அவள் வெண்டைக்காயை நறுக்கி முடித்தாள். கத்தியைத் துடைத்தாள்.

"போ. ஹாஜி பாத்துக்குவாரு. உம் மக பரீட்ச எழுதுவா, அதுக்கு நான் பொறுப்பு."

அவ்வளவுதானா? அழுதுகொண்டே படியேறினேன். இந்தப் பெண்ணையா இத்தனை நாள் திட்டினேன் என்றுகூட நினைத்தேன்.

ஜூன் 9

ஆம்பளைகள் பதினொரு பேர் வந்தார்கள். அவர்களை ஏன் வரவிட்டார் ஹாஜி என்று அப்போதே எனக்குச் சுருக்கென்றது. திரைக்குப் பின்னால் நானும் இன்திஸாரும் நின்றோம். ஜவாத் அண்ணன் பக்கத்தில், புதுச் சட்டையில்.

டீ வைத்தார்கள். யாரும் தொடவில்லை. அவர்களில் மூத்தவர், உங்க தம்பி பொண்ண எங்க பிள்ளைக்குக் கேட்டு வந்திருக்கோம் என்றார்.

ஹாஜி தாடியைத் தடவிக்கொண்டார். "எங்க வீடு தேடி வந்தது எங்களுக்குப் பெருமை. ஆனா தபாரக் என் மகன் கர்ராருக்கு. சின்னதுலயே பேசினது. இந்த வீட்டுப் பொம்பளைங்க அத உங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட சொல்லாம விட்டுட்டாங்க, மன்னிக்கணும்."

யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? பெண்ணைக் கட்டிக்கொள்ளப் பெரியப்பன் மகனுக்குத்தான் முதல் பாத்தியதை. எங்கள் ஊரில் அது தெரியாதவர் யார்? எனக்கும்தான் தெரியும். ஆத்திரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

ஜவாத் வாயைத் திறந்தார். பதினொரு பேர் முன்னால் அண்ணனைப் பொய்யன் என்று சொல்ல முடியுமா? மூடிக்கொண்டார்.

ஹாஜி நிறுத்தவில்லை. "வந்தவங்க வெறுங்கையோட போகக் கூடாது. எனக்கு ஒரு மக இருக்கா. ஷஹத். உங்க வீட்டுப் பெண்கள் மொதல்ல பாக்க வந்ததும் அவளத்தான். குடுத்தோம். டீயக் குடிங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவர் கிளாஸை எடுத்தார். எல்லாரும் எடுத்தார்கள். கரண்டி சத்தம் கேட்டது.

பக்கத்தில் நின்ற இன்திஸார் குலவையிட்டாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. இட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சம்பந்தி" என்றாள்.

ஜூன் 10

தபாரக்கிடம் நான்தான் சொன்னேன். சும்மா ஒரு சாக்குக்குச் சொன்னது, மறந்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். பதினொரு பேர் கேட்டதை யார் மறப்பார்கள்?

கர்ரார் இன்று படியில் என்னைப் பார்த்து முதல் தடவையாக சலாம் சொன்னான்.

ஜூன் 14

அரபி. நன்றாக எழுதியிருக்கிறாள்.

ஜூன் 19

இயற்பியல். கீழேயிருந்து இன்திஸார் அவளுக்கு முட்டையும் பாலும் கொடுத்து அனுப்பினாள். யாரும் சத்தம் போடக் கூடாதென்று கர்ராரைத் தெருவுக்கு விரட்டினாளாம். ஷஹத் கல்யாணம் நாளை மறுநாள்.

ஜூலை 5

பரீட்சை முடிந்து மூன்று நாள். தபாரக் அதிகம் பேசுவதில்லை. மார்க் வந்தால் எந்த ஊர்க் கல்லூரிக்கெல்லாம் எழுதிப் போடலாம் என்று கேட்டாள். பஸ்ரா பெயரைச் சொல்லவே இல்லை. அதற்குப் பெரியப்பா சம்மதிக்க வேண்டும் என்றேன். இனி எல்லாவற்றுக்கும் அவர்தான்.

மத்தியானம் படிக் கதவு திறந்தது. தட்டவில்லை. இன்திஸார் கறுப்பு முஹர்ரம் உடையில், கையில் அளக்கிற டேப்போடு வந்தாள். கட்டில் சுவரோரம் வருமா ஜன்னலோரம் வருமா என்று பார்க்க வேண்டுமாம். ஸஃபரோடு துக்க மாசங்கள் கழிந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஹாஜி சொல்லிவிட்டார். கர்ராருக்குக் கீழே இடம் போதாது, இந்த அறைதான் தோதாம். டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

நாலு மீட்டர், எழுபது. வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அலமாரி வாசல் பக்கம். மேஜையை எடுத்துவிடலாம், இனி எதற்கு? தபாரக் மேஜையிலிருந்து புத்தகங்களை எடுத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தாள், ஒன்றன் மேல் ஒன்றாக.

இன்திஸார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். ஏசியை அண்ணாந்து பார்த்தாள்.

"நல்ல மெஷினா வாங்கியிருக்கடி. இன்னும் ரெண்டு கொறை, வேர்க்குது."

ரிமோட்டை எடுத்துக் குறைத்தேன்.